வர்றேன் என்று சொன்னவள்

அக்டோபர் மாதத்து மழையில் நனைந்துகொண்டே அந்த வீட்டு வாசலில் போய் நின்றேன். மார்புர்க் ஊரின் மேட்டுத் தெருக்களில் அப்படிப்பட்ட வீடுகள் நூறாவது இருக்கும். மரச்சட்டமும் மண்சுவருமாய், நானூறு வருஷத்துக் களைப்பில் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நிற்பவை. அழைப்பு மணிக்குப் பக்கத்தில் மூன்று பெயர்கள். மூன்றாவது என்னுடையது. நான் வந்து சேர்வதற்கு முன்பே அதை அச்சடித்து ஒட்டியிருந்தார்கள்.

எனக்கு அப்போது இருபது வயது. ஊர் இங்கிலாந்தில் ஷெஃபீல்ட். கல்லூரியில் ஜெர்மன் படித்தேன். மூன்றாம் வருஷம் முழுவதும் ஜெர்மனியில் தங்கி, அங்குள்ளவர்களோடு பழகி, பேச்சைத் தேற்றிக்கொண்டு திரும்ப வேண்டும் என்பது எங்கள் படிப்பின் விதி. அதை நான் காப்பாற்றிய லட்சணத்தைத்தான் சொல்லப்போகிறேன். பன்னிரண்டு வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. பயத்தில் சொல்லவில்லை என்று நீங்கள் நினைத்துக்கொண்டால் எனக்குக் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். உண்மையில் வெட்கம்தான் காரணம்.

கதவைத் திறந்தவள் இம்கே. நெடுநெடுவென்று உயரம், தடித்த கண்ணாடி, கையால் பின்னிய சாம்பல் நிற ஸ்வெட்டர். மருந்தியல் படித்துக்கொண்டிருந்தாள். வடக்கே கடலோரத்து ஹூசும் அவளுடைய ஊர். என்னிடம் கேட்காமலே பெட்டியை வாங்கிக்கொண்டு மூன்று மாடியும் ஏறினாள்.

"ஷூவை இங்க கழட்டி வை. மேல இருந்து மூணாவது தட்டு உன்னுது," என்று கதவோரத்து அலமாரியைக் காட்டினாள். "மழைக்காலத்துல பூட்ஸ் ஈரமா வரும். அடியில பேப்பர் போட்டிருக்கேன்."

அவ்வளவுதான் வரவேற்பு. உள்ளே நீளமான நடைவழி. ஒரு கோடியில் என் அறை, மறு கோடியில் இம்கேயின் அறை, நடுவில் சமையலறையும் ஹென்னிங்கின் அறையும். ஹென்னிங் சட்டம் படிப்பவன், வாய் ஓயாதவன். நடைவழி விளக்கு இரண்டு நிமிஷத்தில் தானாக அணைந்துவிடும். மரத்தரையில் மெழுகும் பழைய ஆப்பிளும் கலந்த வாசனை. யார் நடந்தாலும் பலகை காட்டிக்கொடுத்துவிடும். ஒரே வாரத்தில் யாருடைய நடை எது என்று எனக்குப் பழகிப்போனது.

ஆனால் அந்த வீட்டில் நான் இருந்த நேரம் குறைவு. முதல் வாரத்திலேயே என்னைப்போல இங்கிலாந்திலிருந்து வந்த எட்டுப் பேரைக் கண்டுபிடித்துவிட்டேன். ஜெர்மன் கற்றுக்கொள்ள வந்து, விடிந்தால் அடைந்தால் இங்கிலீஷ் பேசிக்கொண்டு திரிந்த கூட்டம். அதற்குத் தலைவி டாம்சின். ஒரே மதுக்கடை, ஒரே மேஜை, ஒரே சிரிப்பு என்று குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டினோம்.

முதல் வாரத்தில் வகுப்பில் எழுந்து ஜெர்மனில் ஒரு கேள்வி கேட்டேன். பேராசிரியர் மிகுந்த கனிவோடு இங்கிலீஷில் பதில் சொன்னார். அன்றைக்கு வாயை மூடியவள்தான். கடையில் ரொட்டி வாங்கவும் விரலை நீட்டிக் காட்டினேன்.

இரண்டாவது வாரத்தில் ஒருநாள், சமையலறையில் இம்கே உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். மெதுவாக, எனக்குப் புரியும்படி எதையோ பேசினாள். எனக்கு டாம்சினைப் பார்க்கப் போகவேண்டிய அவசரம். கழன்றுகொள்வதற்காக, "நாம ஒரு நாள் காபி சாப்பிடணும்," என்றேன்.

எங்கள் ஊரில் அதற்கு அர்த்தம் ஒன்றுமில்லை. விடைபெறும்போது சொல்கிற வார்த்தை. "போய்ட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறவளுக்காக யாரும் வாசலிலேயே நிற்பதில்லை அல்லவா, அதைப்போல.

இம்கே கையைத் துடைத்துக்கொண்டு டைரியை எடுத்தாள்.

"எப்ப?"

"எப்பவாச்சும்..."

"வியாழக்கிழமை எனக்கு லேப் மூணு மணிக்கு முடியுது. நாலு மணிக்கு வச்சுக்கலாமா?"

"ஓ, தாராளமா."

"நான் கேக் செய்றேன். பிளம்ஸ் போட்டது பிடிக்குமா?"

"ரொம்பப் பிடிக்கும்."

பிளம்ஸ் எனக்கு ஆகவே ஆகாது.

"வாரா வாரம் வச்சுக்கிட்டா உனக்குப் பேசிப் பழகின மாதிரியும் இருக்கும்," என்றாள் இம்கே, கொஞ்சம் முகம் சிவந்து. "எனக்கும் இங்க பெருசா யாரும் பழக்கமில்ல."

"கண்டிப்பா வர்றேன்," என்றேன்.

சமையலறை நாட்காட்டியில் எங்கள் மூவருக்கும் தனித்தனி வரிசை உண்டு. என் வரிசையில், அந்த வருஷத்தின் கடைசி வியாழன் வரைக்கும், பென்சிலால் "4 மணி, இம்கே" என்று எழுதினாள்.

முதல் வியாழன் நான் போகவில்லை. மறந்தேபோனேன். மறுநாள் காலையில் என் அறை வாசலில் ஒரு தட்டு, அதன்மேல் கவிழ்த்த இன்னொரு தட்டு, உள்ளே கேக்.

"நேத்து நீ வரலையே," என்றாள் இம்கே. குற்றம் சொல்லும் குரலே இல்லை. மழை பெய்தது என்பதுபோலச் சொன்னாள்.

மன்னிப்புக் கேட்பதில் எங்கள் ஊர்க்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது. கையைப் பிடித்துக்கொண்டு உருகினேன். அடுத்த வாரம் சத்தியமாக வருகிறேன் என்றேன். அடுத்த வியாழன் டாம்சின் கூட்டத்தோடு மதுக்கடையில் இருந்தேன். நாலு மணிக்கு தேவாலய மணி அடித்தபோது நினைவு வந்தது. அந்த நினைவை வைத்து நான் என்ன செய்தேன் தெரியுமா? டாம்சினின் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, கழுத்தை நீட்டி, இல்லாத டைரியைத் திறந்து, "எப்ப? எத்தனை மணிக்கு? பிளம்ஸ் பிடிக்குமா?" என்று இம்கேயைப்போலவே பேசிக்காட்டினேன். மேஜையே அதிர்ந்தது.

"இன்னொரு தடவை பண்ணுடி," என்று டாம்சின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இன்னொரு தடவையும் பண்ணினேன்.

மூன்றாவது வியாழனைச் சொல்லத்தான் நாக்கு கூசுகிறது. அன்று நல்ல மழை. எங்கள் கூட்டத்தில் பாதிப் பேருக்கு ஜலதோஷம். போக இடமில்லாமல் வீட்டிலேயே இருந்தேன். மூன்றரை மணிக்கு அறை விளக்கை அணைத்தேன். அலமாரியில் இருந்தால் தெரிந்துவிடும் என்று பூட்ஸை அறைக்குள் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் தள்ளினேன். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்தேன். நடைவழியில் வெண்ணெயும் பட்டையும் வேகிற மணம். மணி நாலடித்தது. இம்கேயின் நீளமான நடை, பலகை பலகையாக, என் கதவு வரைக்கும் வந்தது.

"ஜெம்மா? நாலு மணி ஆச்சு."

மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் உடனே போகவில்லை. வெகுநேரம் பலகை சத்தமே போடவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். அப்புறம் மெல்லிய குரலில், "சரி. வந்ததும் வா," என்றாள். திரும்பிப் போகும்போது அவள் நடை இன்னும் மெதுவாக இருந்தது. நடைவழியின் மறு கோடியிலிருந்து ஒரே ஒரு முள்கரண்டி தட்டில் படும் சத்தம் கேட்டது.

எதற்காக ஒளிந்தேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஒரு மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்தால் என் ஜெர்மனின் லட்சணம் தெரிந்துவிடும். இங்கிலீஷ் கூட்டத்தில் நான் கெட்டிக்காரி, சிரிக்கவைப்பவள். இம்கே முன்னால் நான் ஊமை. ஊமையாக இருப்பதைவிடப் பொய்க்காரியாக இருப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. அவ்வளவு கேவலமான காரணம்தான்.

நாலாவது வியாழன் நாங்கள் ஃபிராங்க்ஃபர்ட் போய்விட்டு மாலை ஏழு மணிக்குத் திரும்பினோம். சமையலறையில் ஹென்னிங் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தான்.

"வாங்க மேடம். இத்தனை நாளா எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

"எதை?"

"உன் ஜெர்மனைத்தான். நாலு மணியிலிருந்து ஒரு பக்கம் படிக்க முடியல என்னால. நீயும் இம்கேயும் ஒரே கும்மாளம். எங்க ஊர்ல பொறந்தவ மாதிரி வெளுத்து வாங்கற. என்கிட்ட மட்டும் என்ன, ஆமா, இல்ல, நன்றி?"

என்னைக் குத்திக்காட்டுகிறான் என்றுதான் நினைத்தேன். முகம் சுண்டிப்போனது. அப்போது இம்கே உள்ளே வந்தாள். அந்த முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

"நன்றி ஜெம்மா. இன்னிக்கு ரொம்ப நல்லா இருந்துச்சு," என்றாள்.

துடைத்து வைத்த பாத்திரங்களில் இரண்டு கோப்பைகள் இருந்தன.

அந்த இடத்தில் ஒரு மனுஷி என்ன கேட்டிருக்க வேண்டும்? "என்ன சொல்ற, நான் வரவே இல்லையே" என்று கேட்டிருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"எனக்கும்தான்," என்றேன்.

அடுத்த வியாழன் மாலை வகுப்பு ரத்தானது. கையுறையை எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்று நாலே காலுக்கு வீட்டுக்கு வந்தேன். நவம்பர் கடைசி. அந்த நேரத்துக்கே தெருவில் இருட்டிக்கொண்டு வந்தது. இம்கே அறைக்குள் இருப்பாள், பலகை சத்தம் போடாமல் ஓரமாக நடந்தால் தெரியாது என்று கணக்குப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தேன். நடைவழி விளக்கைப் போடவில்லை. இருட்டிலேயே பூட்ஸைக் கழற்றி, மூன்றாவது தட்டில் வைக்கக் குனிந்தேன்.

அங்கே இடமில்லை.

ஒரு ஜோடி பூட்ஸ் ஏற்கெனவே இருந்தது. பழுப்பு நிறம், இடது முனையில் தோல் உரிந்தது. அடியில் போட்டிருந்த பேப்பர் நனைந்திருந்தது. என் கையிலிருந்ததைப் பார்த்தேன். பழுப்பு நிறம், இடது முனையில் தோல் உரிந்தது. தட்டில் இருந்ததைத் தொட்டேன். உள்பக்கம் இன்னும் காலின் சூடு ஆறவில்லை.

நடைவழியின் கோடியில் இம்கேயின் கதவுக்கடியில் மஞ்சளாக வெளிச்சம். உள்ளே சிரிப்புச் சத்தம். நான் சிரிக்கும்போது மூக்கால் ஒரு சத்தம் வரும். பள்ளிக்கூடத்தில் கேலி செய்தார்கள் என்று அதை அடக்கி அடக்கிப் பழகியவள் நான். அந்தச் சத்தம் உள்ளேயிருந்து வந்தது. அடக்காமல் வந்தது.

போயிருக்கக் கூடாது. கால் தானாகப் போனது.

கதவில் காதை வைத்தேன். என் குரல் பேசிக்கொண்டிருந்தது. என் குரல்தான், சந்தேகமே இல்லை. ஆனால் தடுமாற்றமில்லாத ஜெர்மன். நான் பயந்து விழுங்குகிற ஒவ்வொரு சத்தமும் சுத்தமாக வந்தது.

"அன்னிக்கு மழை பெஞ்சுதே, அந்த வியாழக்கிழமை," என்றது அந்தக் குரல். "நான் ரூம்லதான் இருந்தேன் இம்கே. பூட்ஸை உள்ள எடுத்துட்டுப் போயிட்டேன். நீ கதவுக்கு வெளிய நின்னப்போ மூச்சை அடக்கிக்கிட்டுப் படுத்திருந்தேன். மதுக்கடையில உன்னை மாதிரி பேசிக்காட்டி எல்லாரையும் சிரிக்கவும் வச்சேன். எனக்கு ரொம்ப வெக்கமா இருக்கு. மன்னிச்சிரு."

உள்ளே கோப்பையை யாரோ கீழே வைத்தார்கள்.

என் காலுக்கடியில் பலகை முனகியது.

"யாரோ வெளிய நிக்கறாங்களா?" என்றாள் இம்கே.

"ஆமா," என்றது என் குரல், நிதானமாக. "அவ உள்ள வரமாட்டா."

தலைதெறிக்க ஓடினேன். மூன்று மாடியும் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. ஈரமான கல் தெருவில், பூட்ஸைக் கையில் பிடித்தபடியே, வெறும் காலுறையோடு டாம்சின் வீடு வரைக்கும் ஓடினேன்.

"என்னடி இது கோலம்?" என்றாள் டாம்சின்.

உண்மையைச் சொல்லும் தைரியம் இல்லை. "அந்த இம்கே ஒரு மாதிரி டாம்சின். அவளோட ஒரே வீட்டுல இருக்க பயமா இருக்கு," என்றேன். பழியைத் தூக்கி அந்தப் பெண்ணின் தலையிலேயே போட்டேன்.

"நான்தான் அப்பவே சொன்னேனே," என்று டாம்சின் தலையணையும் போர்வையும் எடுத்துக் கொடுத்தாள்.

அவள் வீட்டு சோபாவில் இரண்டு வாரத்துக்கு மேல் கிடந்தேன். டிசம்பர் நடுவில், கிறிஸ்துமஸ் சந்தையில் ஹென்னிங் எதிரே வந்தான். கையில் சூடான ஒயின்.

"சும்மா சொல்லக்கூடாது ஜெம்மா, உன்னைத் தப்பா நினைச்சுட்டேன்," என்றான். "இம்கேக்குக் காய்ச்சல்னதும் மூணு நாளா சூப் வச்சுக் குடுத்துப் பக்கத்துலயே உக்காந்திருந்தியே. அதுக்கு நடுவுல பாத்ரூம் கழுவுற முறை உன்னுது, அதையும் மறக்காம செஞ்சுட்ட. நானே என் முறையை அப்படிக் கழுவினதில்ல."

"எப்ப?" என்றேன்.

"என்னம்மா எப்ப? இன்னிக்குக் காலையில கூட உன் கையால முட்டை சாப்பிட்டேனே," என்று சிரித்துக்கொண்டே கூட்டத்துக்குள் போய்விட்டான்.

சந்தையின் நடுவில் அப்படியே நின்றேன். "உனக்கு என்ன வேணும்னாலும் கூப்பிடு" என்று இம்கேயிடம் ஒருநாள் சொன்னது நினைவுக்கு வந்தது. முதலில் வியாழக்கிழமை மட்டும் வந்தது. இப்போது நான் வாய்க்கு வந்தபடி விட்ட சொல்லையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துச் செய்கிறது. இப்படியே போனால் அந்த வீட்டில் என் இடம் என்று எனக்கு ஒன்றும் மிஞ்சாது. இம்கேக்கும் ஏதாவது ஆகிவிட்டால்? ஒரே வழிதான் தோன்றியது. நான் சொன்னபடி நானே போய் அந்த நாற்காலியில் உட்காரவேண்டும். அது வருவதற்கு முன்னால் உட்காரவேண்டும்.

வியாழக்கிழமை மூன்றே முக்காலுக்குப் போனேன். மூன்றாவது தட்டு காலியாக இருந்தது. பூட்ஸை வைத்துவிட்டு, பலகை சத்தம் போட நடந்துபோய் இம்கேயின் கதவைத் தட்டினேன்.

அந்த அறைக்குள் நான் நுழைந்தது அதுதான் முதல் தடவை. ஜன்னலோரத்தில் சின்ன மேஜை, எதிரெதிராக இரண்டு நாற்காலி, இரண்டு கோப்பை. கிறிஸ்துமஸுக்கு முன்பு ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றும் ஊசியிலை வளையத்தில் மூன்று மெழுகுவத்திகள் எரிந்தன, நாலாவது அந்த ஞாயிறுக்காகக் காத்திருந்தது. கேக்கில் பிளம்ஸ் இல்லை. ஆப்பிள் போட்டிருந்தாள். எனக்குப் பிளம்ஸ் ஆகாது என்று யார் சொன்னார்களோ.

இம்கே என்னைப் பார்த்ததும் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் என்னைப் பார்த்தாள்.

"உக்காரு," என்றாள்.

உட்கார்ந்தேன். தப்பும் தவறுமாக, என் ஓட்டை ஜெர்மனில் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று வியாழனையும் சொன்னேன். நாலாவது வியாழன் வந்தது நானில்லை, காய்ச்சலின்போது பக்கத்தில் உட்கார்ந்தது நானில்லை என்றும் சொன்னேன்.

"தெரியும்," என்றாள் இம்கே.

"தெரியுமா?"

"மொத நாளே தெரியும். மணி அடிக்கறதுக்கும் கதவு தட்டறதுக்கும் சரியா இருந்துச்சு. நீயாவது, நேரத்துக்கு வர்றதாவது." லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கோபம் இல்லாததுதான் என்னைக் கொன்றது.

"உனக்குப் பயமா இல்லையா?"

"இருந்துச்சு. மேஜையெல்லாம் காபியைக் கொட்டிட்டேன். ஆனா அதுக்கு முன்னாடி மூணு வாரம் கேக் செஞ்சு, ரெண்டு கோப்பை எடுத்து வச்சு, தனியா உக்காந்து சாப்பிட்டேன் ஜெம்மா. அதுக்கு இது எவ்வளவோ தேவலை."

"யாரு அது, இம்கே?"

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"நான் கேட்டதில்ல," என்றாள். "நீ வர்றேன்னு சொன்ன. அவ வந்தா."

வெளியே தேவாலய மணி அடிக்கத் தொடங்கியது.

ஒன்று.

இரண்டு.

நடைவழியில் பலகை முனகியது. அந்த வீட்டில் எல்லாருடைய நடையும் எனக்குத் தெரியும். என் நடையை மட்டும் நான் வெளியிலிருந்து கேட்டதில்லை.

மூன்று.

நாலு.

கதவு தட்டப்பட்டது. அழகாக, அளவாக, மூன்று தடவை.

இம்கே எழுந்தாள். போய்த் திறக்கவில்லை. அலமாரிக்குப் போய் மூன்றாவது கோப்பை ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இருக்கியா?" என்று மெல்லக் கேட்டாள். "இருந்தா இதையும் வைக்கிறேன். நீ இருந்தா எனக்குச் சந்தோஷம்தான்."

அவள் முழு மனதோடு கேட்டாள். அது எனக்குத் தெரிந்தது. இருந்திருக்கலாம். அந்த வருஷம் முழுவதும் என்னிடம் யாரும் கேட்ட நல்ல கேள்வி அது ஒன்றுதான். கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பது எதுவானாலும், இம்கேக்காக அதன் முகத்தை நான் பார்த்திருக்க வேண்டும்.

"இல்ல, பரவாயில்ல," என்றேன். "இன்னொரு நாள் கண்டிப்பா வர்றேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இம்கே கோப்பையைத் திரும்ப அலமாரியில் வைத்தாள். வைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தாள்.

நடைவழி விளக்கு அணைந்திருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, சுவரோரமாக நடந்தேன். வாசலில் யாரோ எனக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். ஈரக் கம்பளியின் வாசனை. என் சோப்பின் வாசனை. தோளோடு தோள் உரசியது.

"சாரி," என்று ஒரு குரல் கேட்டது.

எங்கள் ஊரில் யார்மேல் உரசினாலும் வாயிலிருந்து தானாக வரும் வார்த்தை. அதைச் சொன்னது நானா, அதுவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பின்னால் கதவு சாத்திக்கொண்டது. மறுநிமிஷம் இம்கேயின் சிரிப்பு கேட்டது.

பிப்ரவரியில், உடம்பு சரியில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் பாதியிலேயே ஊர் திரும்பினேன். எப்படியோ தேறினேன். இப்போது ஷெஃபீல்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். சிரிக்காதீர்கள். பிள்ளைகளிடம், ஜெர்மன்காரர்கள் ஒரு நாளைக் குறித்தால் குறித்ததுதான், வர்றேன் என்றால் வந்தாகவேண்டும் என்று வருஷா வருஷம் சொல்லிக்கொடுக்கிறேன்.

இந்த வருஷம் ஏப்ரலில் பள்ளி முகவரிக்கு இம்கேயிடமிருந்து கல்யாணப் பத்திரிகை வந்தது. ஜூன் மாதம், சனிக்கிழமை, ஹூசுமில். அவள் பக்கத்துச் சாட்சியாக நான் கையெழுத்துப் போடவேண்டும் என்று அடியில் எழுதியிருந்தாள். அவர்கள் ஊரில் மிக நெருங்கிய தோழியிடம்தான் அதைக் கேட்பார்கள். இரண்டு நாள் பத்திரிகையைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். மூன்றாம் நாள் பதில் எழுதினேன். "கண்டிப்பா வர்றேன்."

போகவில்லை. அங்கே யார் நிற்பார்களோ என்ற பயம் என்று சொல்லலாம். பயமும் இருந்தது. ஆனால் அந்தச் சனிக்கிழமை டாம்சின் வீட்டில் விருந்து, ரயிலும் விமானமும் மாறிப்போக அலுப்பு, இரண்டும் அதைவிடப் பெரிதாக இருந்தன.

போன வாரம் ஆசிரியர் அறையில் என் தபால் பெட்டியில் ஓர் உறை கிடந்தது. உள்ளே ஒரு கல்யாணப் படம். இம்கேக்குத் தலையில் இரண்டொரு நரை. மாப்பிள்ளை குட்டை, சிரித்த முகம். இம்கேக்குப் பக்கத்தில், அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நான் நிற்கிறேன். படத்தில் நிற்கும் அந்த என்னுக்கும் இப்போதைய என் வயசுதான். கண்ணோரத்துச் சுருக்கம், போன வருஷம் விழுந்த தாடைத் தழும்பு, எல்லாம் அப்படியே இருந்தன. ஒரே ஒரு வித்தியாசம்தான். அவள் கேமராவை நேராகப் பார்க்கிறாள். வெட்கப்பட எதுவும் இல்லாத என் முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

படத்தின் பின்பக்கம் இம்கே எழுதியிருந்தாள்: "வந்ததுக்கு நன்றி. நீ பேசினதைக் கேட்டு அம்மா அழுதுட்டாங்க."

பக்கத்து நாற்காலியிலிருந்து வரலாறு டீச்சர் மோரீன் எட்டிப் பார்த்தாள்.

"அட, இது நீதானே? எவ்வளவு நல்லா இருக்க இதுல," என்றாள். "எப்ப போன?"

படத்திலிருந்து அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன மாசம்," என்றேன்.